பதினோரு தொட்டியும் ஒரு மஞ்சள் அட்டையும்

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் நான்தான். அவள் என் சித்தி மகள். சொந்தச் சித்தி என்று சொல்ல முடியாது. என் அம்மாவைப் பெற்ற தாத்தா இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டவளுக்கு மூன்று பெண்கள். அதில் நடுவில் உள்ளவள் அந்தச் சித்தி. கணக்குப் பார்த்தால் எனக்கும் பம்பரத்துக்கும் ஒட்டியும் ஒட்டாத உறவுதான். ஆனால் என் கூடப்பிறந்தவர்கள் என் வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். இவள் வந்தால் நின்றபடியே குடிப்பாள், டம்ளரைக் கழுவுவாள், பக்கத்தில் கிடக்கிற என் பாத்திரங்களையும் கழுவுவாள், அலமாரியில் இருக்கிற டப்பாக்களை உயரம் பார்த்து அடுக்கிவைத்துவிட்டுப் போவாள். அப்புறம் ஒரு வாரத்துக்கு உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வேலையிலும் அதே கதைதான். பிஸ்கட் கம்பெனிக்குப் பொட்டலம் ஒட்டப் போனாள். தன் வரிசை முடிந்ததும் பக்கத்து வரிசைக்குள் கையை விடுவாள். பக்கத்து வரிசைக்காரி சண்டைக்கு வந்தாள். அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை. நாலு மணிக்கு அடிக்க வேண்டிய மணியை மூன்று ஐம்பதுக்கே அடித்துவிட்டாள். கேட்டதற்கு, "பிள்ளைங்க எல்லாம் பையை மூடி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்குதுங்க சார். அதுக்கு மேல என்னத்துக்குப் பிடிச்சு வைக்கணும்?" என்றாளாம். தலைமையாசிரியர் முதல் தடவை சிரித்தார். மூன்றாம் தடவை வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

அவளுக்கு வாய்த்த புருஷன் நேர் எதிர். தையற்காரர். காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பிடத்தான் எழுந்திருப்பார். வீட்டில் இவள் ஒருத்தி சுற்றுவது போதும் என்று அவர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார் என்று நான் நினைப்பதுண்டு. சண்டை கிடையாது. அவர் பேசினால்தானே சண்டை வரும்.

ஒன்பது வருஷமாக அவள் நிலைத்து நின்ற ஒரே இடம் அந்தக் கண் ஆஸ்பத்திரி. பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. மாடிப்படி ஏறினால் ஒரு நீளக் கூடம், அதில் மூன்று வரிசை நாற்காலி, கடைசியில் டாக்டர் அறை, அதை ஒட்டி ஆபரேஷன் அறையும் லேசர் மிஷின் இருக்கிற இருட்டறையும், வாசல் பக்கம் ஒரு கண்ணாடிக் கடை. கூடத்தைத் துடைப்பது, வருகிறவர்களுக்குச் சீட்டு கொடுத்து உட்கார வைப்பது, சொட்டு மருந்து போட்ட கண்ணோடு தடுமாறுகிறவர்களைக் கைபிடித்து நடத்துவது எல்லாம் அவள் வேலை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் புத்தி சொல்லி அனுப்புவதும் அவள்தான். அதை ஒரே மூச்சில் சொல்வாள்.

"கண்ணக் கசக்காதீங்க, குனியாதீங்க, பாரம் தூக்காதீங்க, தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க. கண்ணுல பூச்சி பறந்தாலும் சரி, ஓரத்துல மின்னல் அடிச்சாலும் சரி, அன்னிக்கே ஓடி வாங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு படுத்துடாதீங்க."

எனக்குப் புரை எடுத்த அன்றைக்கு, அக்கா ஆயிற்றே என்று ஒரு சொல்லையாவது குறைத்தாளா? இல்லை. அத்தனையையும் ஒப்பித்தாள். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

செடி வந்தது தற்செயலாக. வேலையை விட்டுப்போன ஒரு நர்ஸ், பாட்டிலில் வைத்திருந்த மணி பிளான்ட்டை ஜன்னலில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். பம்பரம் அதைத் தொட்டிக்கு மாற்றினாள். அதில் ஒரு துண்டை ஒடித்து இன்னொரு தொட்டி. யாரோ ஒரு நோயாளி பாம்புச் செடியின் பக்கக் கன்று கொண்டுவந்து கொடுத்தார். சிலந்திச் செடி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே நினைவில்லை. பெரணி ஒன்று. மொத்தம் பதினொன்று. கூடத்தில் எல்லோரும் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஒருவர், வெளியே பத்துப் பேர், துடைக்க வேண்டியதெல்லாம் துடைத்தாயிற்று என்று ஒரு நேரம் வரும். முன்பு பார்த்த வேலைகளில் எல்லாம் அந்த நேரம்தான் அவளைக் கெடுத்தது. இங்கே அந்த நேரத்தில் தொட்டிகள் இருந்தன. ஒன்றைத் திருப்பி வைப்பாள், ஒன்றின் இலையைத் துடைப்பாள், எல்லாவற்றுக்கும் ஒரு கை தண்ணீர் விடுவாள். காலையில் ஒரு கை, மத்தியானம் ஒரு கை.

போன வருஷம் மழை மாதத்தில் ஜன்னல்களைத் திறக்கவே முடியவில்லை. ஒரு நாள் காலையில் பெரணித் தொட்டியை நகர்த்தினாள். மண்ணிலிருந்து கறுப்பாக எதுவோ புகை மாதிரி எழும்பியது. கொசுவை விடச் சின்னது, மிளகுத் தூளுக்குச் சிறகு முளைத்த மாதிரி. கடிக்கவில்லை, பாடவில்லை. முகத்துக்கு நேரே வந்து அலைந்துவிட்டு மறுபடி மண்ணில் போய் உட்கார்ந்தது. பொடிப்பூச்சி என்று அவளே பெயர் வைத்தாள். ஒரு வாரத்தில் பதினோரு தொட்டியிலும் அதே குடித்தனம்.

வேறு எந்த இடமாக இருந்தாலும் விசிறிவிட்டுப் போயிருப்பார்கள். இது கண் ஆஸ்பத்திரி. டாக்டர் அதிகம் பேசாதவர். ஒவ்வொருவரிடமும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

"பூச்சி பறக்கிற மாதிரி இருக்கா?"

"ஆமா டாக்டர்."

"எப்பல இருந்து?"

"இங்க வந்து உக்காந்ததுல இருந்து."

ஒருவர் சொன்னால் பரவாயில்லை. அன்றைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஆமாம் என்றார்கள். ஆமாம் என்று சொன்னவரைச் சொட்டு மருந்து போட்டு, முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, கண்ணின் பின்பக்கம் வரைக்கும் பார்க்காமல் டாக்டர் அனுப்பமாட்டார். மூன்று மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் ஆறு மணியாகியும் முடியவில்லை. சொட்டு மருந்து போடுகிற பெண்ணுக்கு, அவளை எல்லோரும் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள், கை மரத்துப்போய்விட்டது. கடைசியாகப் பார்த்தவரின் கண்ணுக்கும் மிஷின் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பொடிப்பூச்சி வந்து உட்கார்ந்தது. டாக்டர் எழுந்து கூடத்துக்கு வந்தார்.

"அம்மா, நான் கேக்குற ஒரே கேள்வி அது. நிஜமாவே கண்ணுல கோளாறு இருக்கிற ஒரு ஆளு, இங்க பூச்சிதானே பறக்குதுன்னு நெனச்சு, இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டா? அவரு பார்வை போயிடும். உங்க செடிக்காக நான் அதுக்கு இடம் குடுக்க முடியாது."

"போக்கிடறேன் டாக்டர். ஒரு பூச்சி இல்லாம போக்கிடறேன்."

"நாலு வாரம். அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை நானே பாப்பேன். ஒண்ணு பறந்தாலும் பதினோரு தொட்டியும் கீழ போயிடணும்."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். தேநீரைக்கூட வாங்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே பேசினாள்.

"அதையும் எடுத்துட்டா நான் அங்க என்னக்கா பண்ணுவேன்? வர்றவங்க முகத்தையா துடைச்சுக்கிட்டு நிக்கிறது? எனக்கு என்னைத் தெரியும். ஒரு மாசம் தாங்க மாட்டேன். எதையாச்சும் இழுத்துவச்சு, வேலைய விட்டு நின்னுடுவேன். அம்பத்தெட்டு வயசுல இனிமே எவன் எனக்கு மணி அடிக்கிற வேலை தருவான்?"

எனக்கும் அவளைத் தெரியும். அவள் சொன்னது அப்படியே நடக்கும் என்பதும் தெரியும்.

மறுநாளே சண்டை தொடங்கியது. சோப்புத் தண்ணீரைத் தெளித்தாள். வேப்பெண்ணெய் கலந்து தெளித்தாள். கூடமே நாறி, கண் காட்ட வந்த ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் வினிகர் வைத்தாள். அதில் நாலு பூச்சி விழுந்தது; நானூறு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. கண்ணாடிக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஓட்டுவார்.

"அக்கா, பூச்சிக்கும் ஒரு சீட்டு குடுத்து உக்கார வைங்க. நம்பர் வந்ததும் ஒவ்வொண்ணா அடிக்கலாம்."

"உனக்கென்ன தம்பி, கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கே. பேசுவே."

தெளிக்கத் தெளிக்க மண் நனைந்ததுதான் மிச்சம். ஒரு வாரம் வீணாகப் போனபின், நாற்றுக்கடைக்காரர் ஒருவரிடம் போய் நின்றாள். அவர் அவள் தூக்கிப்போன தொட்டியின் மண்ணை விரலால் கிளறி அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். நூல் துண்டு மாதிரி வெள்ளையாக, தலை மட்டும் கறுப்பாக எதுவோ நெளிந்தது.

"பறக்கிறத விடுங்கம்மா. அது ஒரு வாரத்துல தானா செத்துடும். இதுங்கதான் அதோட பிள்ளைங்க. ஈர மண்ணுல மேல ரெண்டு விரல் ஆழத்துலதான் இருக்கும். ஈரம் காஞ்சா பிழைக்காது. நீங்க தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்திப் பிள்ளை வளக்குறீங்க."

"அப்ப மருந்து என்னய்யா?"

"சும்மா இருக்கிறதுதான். விரல மண்ணுக்குள்ள ரெண்டு கணு விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும், அடித்தட்டுல தண்ணி விடுங்க, அதுவா உறிஞ்சிக்கும். மேல ஊத்தாதீங்க. மத்த நேரம் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னதை என்னிடம் வந்து சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரில் எத்தனையோ மருந்து இருக்க, அவளால் முடியாத ஒரே மருந்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார் மனுஷன்.

அவர் இன்னொன்றும் கொடுத்திருந்தார். உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை, இரண்டு பக்கமும் பசை. குச்சியில் செருகித் தொட்டியில் நட்டால் பறக்கிற பூச்சி மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். எத்தனை ஒட்டுகிறது என்று பார்த்தால் எத்தனை மிச்சம் என்று தெரியும். பம்பரத்துக்கு அதுதான் கொழுகொம்பானது. தினமும் காலையில் எண்ணுவாள், எண்ணியதைப் பேனாவால் சுழித்துவிடுவாள். முதல் நாள் அறுபத்து மூன்று.

நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஐந்தாம் நாள் விரலை விட்டுப் பார்த்தால் மண் சேறாக இருக்கிறது. மறுநாளும் சேறு. ஊற்றாத தண்ணீர் எங்கிருந்து வரும்? அன்றைக்கு முழுக்கத் தூணோரம் நின்று வேவு பார்த்தாள். மாத்திரை விழுங்கிய ஒரு பெரியவர் காகித டம்ளரில் மிச்சம் இருந்ததைப் பாம்புச் செடிக்கு விட்டார். பின்னாலேயே ஒரு அம்மாள். அப்புறம் சொட்டு, தன் பாட்டில் தண்ணீரைப் பெரணிக்கு. கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர், லென்ஸ் அலசிய தண்ணீரோடு வந்து நின்றார்.

"தம்பி! நீயுமா?"

"ஒரு வாரமா நீங்க ஊத்தலையே அக்கா. செடி வாடிடுமேன்னு..."

சொட்டும் அதையேதான் சொன்னாள். அவள் மனசைக் குளிர வைக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள், ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஊற்றியிருக்கிறார்கள்.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாகக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பலகை எழுதித் தருவதாகச் சொன்னார். அவருக்கு எழுத்து என்றால் ஒரே மாதிரிதான் வரும். சுவரில் மாட்டிப் பார்வை சோதிக்கிற அட்டை மாதிரி. மேல் வரியில் ஒரு தலை அளவுக்குப் பெரிதாகத் 'தண்ணீர்'. அடுத்த வரியில் அதைவிடச் சின்னதாக 'ஊற்ற'. அடியில் எறும்பு எழுத்தில் 'வேண்டாம்'. மாட்டிய அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தண்ணீர் விழுந்தது. கேட்டால், "நீங்கதானே ஊத்தச் சொல்லி எழுதி வச்சிருக்கீங்க" என்கிறார்கள். சொட்டு மருந்து போட்ட கண்ணுக்கு முதல் இரண்டு வரிதான் தெரிந்திருக்கிறது. ஒருவர் பாதி வழியில் நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, "மூணாவது வரி கலங்கலா இருக்குதும்மா, என் பவர் ஏறியிருக்கும் போல" என்று வருத்தப்பட்டார்.

"நீ கண்ணாடி விக்கிறவன்தானா தம்பி, இல்ல வழி தெரியாம வந்துட்டியா?" என்று கேட்டாள் பம்பரம்.

அவர் பலகையைத் திருப்பி எழுதினார். இந்தத் தடவை மேலே 'வேண்டாம்'. எருமைத் தலை அளவுக்கு.

அதற்கப்புறம் மண் காய ஆரம்பித்தது. மேலே ஒரு விரல் கனத்துக்கு மணலும் பரப்பினாள். அட்டையில் நாற்பது, இருபத்தெட்டு, பதினொன்று என்று இறங்கிக்கொண்டு வந்தது. ஆனால் எண்ணிக்கை இறங்க இறங்க இவளுக்குப் பதற்றம் ஏறியது. கூடத்தில் இருக்கிற நாற்காலிகளை எல்லாம் ஒரு நாள் சுவர்ப்பக்கம் மாற்றினாள், மறுநாள் பழையபடி போட்டாள். மூலையில் டியூப் லைட் மினுக் மினுக் என்று அடிக்கிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புது டியூப் போடவைத்தாள். போட்ட பிறகும் மினுக்குகிறது என்றாள். எலக்ட்ரீஷியன் மறுபடி வந்து, ஸ்டூலில் ஏறிக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்று இறங்கிப் போனார். அவள் நம்பவில்லை. அவர் வேலை சுத்தம் போதாது என்று என்னிடம் சொன்னாள்.

மூன்றாவது வாரம் முடியும்போது அட்டையில் ஒன்று ஒட்டியது. அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. புது அட்டை மாற்றி வைத்தாள். அதுவும் பளிச்சென்று மஞ்சளாகவே இருந்தது. கொண்டாட வேண்டியதுதானே? அவளோ கையால் முகத்துக்கு முன்னால் விசிறிக்கொண்டே இருந்தாள். பறக்கிறது என்றாள். ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாகப் பறக்கிறது, பிடிக்கப் போனால் நழுவுகிறது, இவ்வளவு கெட்டிக்காரப் பூச்சியை இதுவரைக்கும் பார்த்ததில்லை என்றாள்.

வீட்டிலும் விடவில்லை. ஒரு மத்தியானம் தையற்காரர் மிஷினில் இருக்கும்போது இவள் அறை முழுக்கத் துண்டை வீசிக்கொண்டிருந்தாளாம்.

"என்னடி பண்றே?"

"பூச்சி பறக்குதுங்க."

அவர் தைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "சாப்பிட்டியா இல்லையா? நேரத்துக்குச் சாப்பிடாம சுத்தினா கண்ணுல பூச்சி பறக்கத்தான் செய்யும்."

"இது பசிப் பூச்சி இல்லைங்க. தொட்டிப் பூச்சி."

"நம்ம வீட்ல ஏது தொட்டி?"

"என் துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

அவர் மிஷினை விட்டு எழுந்தார். ஒரு தட்டில் சோறு போட்டு அவள் முன்னால் வைத்தார் என்று அவளே சொன்னாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள், நானும் சிரித்தேன். பசி என்றாலும் பூச்சி பறக்குது, கண் கெட்டாலும் பூச்சி பறக்குது, தொட்டி நாறினாலும் பூச்சி பறக்குது. நம் வாயில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பேச்சுதான். எந்தப் பூச்சி என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. அவள் வாயாலேயே அத்தனையும் கேட்டுத் தலையாட்டிய எனக்கு.

அவளுக்கு வேறு பயம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே அக்கா. அட்டையில ஒண்ணும் ஒட்டல. டாக்டர் அட்டையத்தான் பாப்பாரு. திங்கக்கிழமை தாண்டிட்டா அப்புறம் நான் மெதுவா இதையும் பிடிச்சுடுவேன்."

"சரி, நான் ஏன் சொல்லப்போறேன்" என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கும் கண் காட்டுகிற நாள். போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். கூடம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பதினோரு தொட்டியும் ஜன்னலோரம் வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரிசோதனைக்கு நிற்கிற மாதிரி நின்றன. டாக்டர் வந்தார். பையைக்கூட வைக்கவில்லை. ஒவ்வொரு தொட்டியாகத் தட்டினார். ஒன்றும் எழும்பவில்லை. மஞ்சள் அட்டையைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணாடிக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்திருந்தார்.

"சுத்தமா இருக்கே" என்றார் டாக்டர். "நான் எதிர்பாக்கல. எங்கயாச்சும் ஒண்ணு ரெண்டு பறக்குதா?"

"இல்ல டாக்டர். ஒண்ணும் இல்ல" என்றாள் பம்பரம்.

சொல்லிமுடிக்கவில்லை, அவள் வலது கை தானாக மேலே போய், காற்றில் பட்டென்று ஒரு அறை அறைந்தது.

கூடத்தில் இருந்த எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். விரித்தாள். உள்ளங்கை வெறுமையாக இருந்தது. முகம் செத்துப்போயிற்று.

"ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர். அதையும் இன்னிக்கே..."

"யாராச்சும் பாத்தீங்களா?" என்று டாக்டர் மற்றவர்களைக் கேட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் தலையை ஆட்டினார். டாக்டர் அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு அவளுக்கு நேரே வந்து நின்றார். குரல் மாறிவிட்டது.

"இப்ப பறக்குதாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். "பறக்குது டாக்டர்" என்றாள், திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி.

"வலது கண்ணப் பொத்துங்க. இப்ப?"

பொத்தினாள். வெகுநேரம் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள், தொட்டிகளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"போயிடுச்சே டாக்டர்."

"இப்ப இடது கண்ணப் பொத்துங்க."

"வந்துடுச்சு."

"ஒரு கண்ணுக்கு மட்டும் தெரியற பூச்சி தொட்டியில இருந்து வராதும்மா. எத்தனை நாளா? மின்னல் மாதிரி ஓரத்துல அடிச்சுதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். டியூப் லைட்டுதான்..." என்று தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். அந்த மினுக்கல் எந்தப் பக்கம் அடித்தது என்று அப்போதுதான் யோசித்திருப்பாள். ஒன்பது வருஷமாகத் தினம் பத்துப் பேருக்குச் சொன்ன சொல் அவளிடமே திரும்பி வந்தது. உதடு மட்டும் அசைந்தது. அன்னிக்கே ஓடி வாங்க.

சொட்டு ஓடிப்போய் மருந்து எடுத்துவந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பம்பரம் அந்தக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது; எந்த நேரமும் எழுந்து ஓடுகிற மாதிரி நுனியில் தொத்திக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். "நேரம் ஆச்சா, நேரம் ஆச்சா" என்று சொட்டை அரித்துவிட்டாள். நான் ஆள் அனுப்பித் தையற்காரரை வரச் சொன்னேன். அவர் தோளில் அளவு நாடாவோடு படியேறி வந்தார்.

டாக்டர் அவள் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, ஒரு தாளில் வட்டம் போட்டு விளக்கினார். கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில், சுவரில் ஒட்டின காகிதம் மாதிரி ஒரு திரை இருக்கிறது. அதன் ஓரத்தில் லாட வடிவத்தில் ஒரு கிழிசல். இன்னும் விரியவில்லை. விரிந்தால் திரை முழுக்கக் கழன்று வந்துவிடும், அப்புறம் அந்தக் கண் போனது போனதுதான். கிழிசலைச் சுற்றி லேசரால் சுட்டுவிட்டால் ஓரம் ஒட்டிக்கொள்ளும், மேலே போகாது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தையற்காரர் தாளை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"பட்டனுக்குக் காஜா எடுக்கிற மாதிரிங்களா டாக்டர்? துளையைச் சுத்தி நெருக்கமாத் தையல் போட்டுட்டா துணி பிரியாது."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். நான் இத்தனை வருஷமா இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

"அப்பப் போட்டுடுங்க" என்றார் அவர்.

இருட்டறையில் மிஷின் முன்னால் மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் அழுத்தி உட்கார வேண்டும். டாக்டர் சொன்னார்: "அசையக் கூடாதும்மா. கண்ணு, தலை, கை, எதுவும். நீங்க அசைஞ்சா நான் சுட வேண்டிய இடம் தவறிடும்." எங்கள் எல்லோருக்கும் பயம் அந்த இடத்தில்தான். கைதான் முதலில் கிளம்பும் என்று தெரியும். தையற்காரர் கேட்காமலே ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் சேர்த்துத் தன் மடியில் பிடித்துக்கொண்டார். கட்டிக்கொண்டு வந்து முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கை இரண்டும் ஒன்றாக அவரிடம் சிக்கியது அன்றைக்குத்தான். நான் கதவோரம் நின்றேன். டிக் டிக் என்று சத்தம். ஒவ்வொரு டிக்குக்கும் அவள் கால் பெருவிரல் தரையைக் கிள்ளியது. மேலே ஒன்றும் அசையவில்லை. அவர் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தார், தையல் எண்ணுகிற மாதிரி.

முடிந்து வெளியே வந்ததும் அவள் முதலில் கேட்டது கண்ணைப் பற்றி அல்ல.

"டாக்டர், தொட்டி?"

"தொட்டிக்கு என்ன? அட்டை சுத்தம். இருக்கட்டும்" என்றார் டாக்டர். பிறகு, "ஆனா என்கிட்ட மறைச்சதுக்கு உங்களைத்தான் கீழ இறக்கியிருக்கணும்" என்றார்.

இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. எல்லாம் அவளுக்குத் தெரிந்த பாடம்தான். அந்த இரண்டு வாரமும் தையற்காரர் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். உட்கார்ந்தபடியே அவருடைய நூல்கண்டுகளை எல்லாம் நிறவாரியாக அடுக்கிவிட்டாள். கறுப்பு எது, கருநீலம் எது என்று தெரியாமல் யாருடைய கால்சட்டையையோ அவர் மாற்றித் தைத்துவிட்டார்.

மறு பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். மற்றவர்கள் மாதிரி சீட்டு வாங்கி, சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, ஜன்னலோரத் தொட்டிகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் இரண்டும் விரிந்து, வெளிச்சம் தாங்காமல் சுருக்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை விழுங்க சொட்டு காகித டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். குடித்ததும் கால் டம்ளர் மிச்சம். இவள் கை என்ன செய்யும்? நேராகப் பாம்புச் செடிப் பக்கம் போனது. போன கை நடுவில் நின்றது. எதிரே பலகையில் எழுத்தெல்லாம் கலங்கிக் கிடக்க, எருமைத் தலை எழுத்து மட்டும் தெரிந்திருக்கிறது.

டம்ளரைக் கீழே வைத்தாள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டாள்.

"காஞ்சிருக்கு" என்றாள். "யாரும் ஊத்தலதானே?"

"நாங்க தொடவே இல்லக்கா" என்று கண்ணாடிக் கடைக்காரர் கடைக்குள்ளிருந்து கத்தினார். "உங்க பலகைக்குப் பயந்து நானே டீ குடிக்கிறத விட்டுட்டேன்."

அடித்தட்டை விரலால் தடவிக் கண்டுபிடித்து, மிச்சத் தண்ணீரை அதில் விட்டாள். அப்புறம் அவள் கண் எதையோ துரத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போவதைப் பார்த்தேன். நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"என்னடி, இன்னும் பறக்குதா?"

"ஒண்ணு இருக்குக்கா. மருந்து போடறதுக்கு முன்னாடியே டாக்டர் கேட்டாரு, சொல்லிட்டேன். கூட்டம் போயிடுச்சு, இது மட்டும் நிக்குமாம். சாகுற வரைக்கும் கூடவே இருக்குமாம், ஒண்ணும் செய்யாதாம்." கையை மடியில் வைத்து ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டாள். "இருந்துட்டுப் போகட்டும். இதுக்காச்சும் யாரும் ஓடிவந்து தண்ணி ஊத்த மாட்டாங்க."